தராசு யார் கையில்?

கம்பனிகளும் வறிய கமக்காரரும் – குழுக்களில் படிப்பதற்கான பாடம்

இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய கிராமங்களுக்கும், இன்னும் உறவினர் காணியிலும் குத்தகைக் காணியிலும் பயிர் செய்து வாழும் குடும்பங்களிடமும் பலவிதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் விதையும் உரமும் கடனாகத் தந்து, விளைந்ததைத் தாமே வாங்குவதாகச் சொல்கிறார். இன்னொருவர் பால் சேகரிக்க வருகிறார். வேறொருவர் தவணைப் பணத்துக்கு நீர்ப்பம்பியும் தெளிகருவியும் கொண்டுவருகிறார். "இவர்களை நம்பலாமா?" என்று குழுக்கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. எந்த நிபந்தனையின்பேரில் இவர்களுடன் சேரலாம் என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

வறிய மக்களையும் தம் தொழிலில் சேர்த்துக்கொள்ளும் கம்பனிகள் பற்றி உலகில் இன்று நிறையப் பேசப்படுகிறது. "நிலைபேறான அபிவிருத்தி" என்ற சொல்லும் கூடவே வருகிறது. இன்று கிடைக்கும் வருமானம், நாளை எமது மண்ணையும் கிணற்றையும் பிள்ளைகளின் படிப்பையும் கெடுக்காமல் தொடர்ந்தும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஒரு கம்பனி எம்மை மூன்று விதமாகச் சேர்த்துக்கொள்ளலாம். தன் பொருளை வாங்குபவராகச் சேர்க்கலாம். தனக்குப் பொருள் விற்பவராகச் சேர்க்கலாம். தொழிலின் சொந்தக்காரரில் ஒருவராகவும் சேர்க்கலாம்.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி. கே. பிரகலாத், 2004 இல் எழுதிய நூலொன்றில், உலகின் கோடிக்கணக்கான ஏழைகளும் பெரியதொரு சந்தையே என்றார். அவர்களுக்கு ஏற்ற அளவிலும் விலையிலும் பொருளைக் கொடுத்தால் கம்பனிக்கும் இலாபம், ஏழைக்கும் நன்மை என்பது அவர் வாதம். எமது கடைகளில் மாலைபோலத் தொங்கும் ஒரு தடவைக்கான சம்போப் பைக்கற்றுகள் இந்த வழியில் வந்தவைதாம். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனீல் கர்னானி 2007 இல் இதனை மறுத்து எழுதினார். ஏழையிடம் பொருளை விற்பதால் அவர் வறுமை தீராது. அவரை உற்பத்தியாளராகக் கண்டு, அவர் கையிலுள்ளதை நல்ல விலைக்கு வாங்கினால்தான் வருமானம் உயரும் என்றார். எமது எண்ணமும் இதுவே. சம்போப் பைக்கற்று வாங்கி எந்தக் குடும்பமும் கடன் தீர்த்ததாக நாம் அறியவில்லை.

ஆனந்தில் நடந்தது

இந்தியாவின் குஜராத்தில், அன்று கெய்ரா என்று அழைக்கப்பட்ட மாவட்டத்தில், ஆனந்த் என்னும் சிறு பட்டணம் உண்டு. அங்குள்ள கிராமத்தவர் இரண்டொரு எருமைகளை வைத்துப் பால் விற்றுவந்தனர். 1945 இல் பம்பாய் அரசாங்கம் நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கி, ஆனந்துப் பகுதியிலிருந்து பாலைச் சேகரித்து அனுப்பும் உரிமையைப் பொல்சன் என்ற தனியார் கம்பனிக்கு மட்டும் கொடுத்தது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்திலுள்ள பம்பாயில் பாலுக்கு நல்ல விலை கிடைத்தது. கிராமத்தில் பால் கறந்தவருக்கு அந்த விலையேற்றம் வந்து சேரவில்லை. கம்பனிக்கும் அவருக்கும் நடுவில் தரகர் நின்றார். அளப்பவரும் விலை சொல்பவரும் அவரே.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மாலையில் கறந்த பால் காலைவரை நிற்காது. விற்பவருக்கு அவசரம், வாங்குபவருக்கு அவசரமில்லை. தக்காளிக்கும் கத்தரிக்கும் கீரைக்கும் இதே நிலைதான். சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ "கழிவு" என்று வெட்டப்படும்போது கமக்காரர் வாய்மூடி நிற்பதும் இதனால்தான். அந்த மூட்டையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் என்ன செய்வார்?

கெய்ராக் கமக்காரர் வல்லபாய் பட்டேலிடம் முறையிட்டனர். தரகரை மாற்றுவதால் பயனில்லை, பால் சேகரிப்பதையும் பதப்படுத்துவதையும் நீங்களே சங்கமாகச் செய்யுங்கள், அதற்கு இடமளிக்காவிட்டால் பால் கொடுப்பதை நிறுத்துங்கள் என்பதே அவர் சொன்ன வழி. 1946 ஜனவரி 4 ஆம் திகதி சமர்க்கா என்ற கிராமத்தில் கூடி அவ்வாறே தீர்மானித்தனர். பதினைந்து நாட்கள் பம்பாய்க்குப் பால் போகவில்லை. எருமை கறவைக்கு விடுமுறை கேட்காது. கறந்த பாலை என்ன செய்வதென்று ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி எழுந்திருக்கும். அன்றாடம் பால் விற்று அரிசி வாங்கும் குடும்பத்துக்குப் பதினைந்து நாள் என்பது சிறு தவணையன்று. ஆயினும் பொறுத்திருந்தனர், அரசாங்கம் இணங்கியது. அவ்வாண்டு டிசெம்பர் 14 இல் சங்கம் பதிவு செய்யப்பட்டது. 1948 இல் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியபோது இரண்டொரு கிராமங்களிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 250 லீற்றர் மட்டுமே சேர்ந்தது. பின்னாளில் "அமுல்" என்ற பெயரில் உலகறிந்தது இந்தச் சங்கந்தான்.

அமுல் என்றதும் வர்கீஸ் குரியனின் பெயரையே பலரும் சொல்வர். கோழிக்கோட்டில் பிறந்து சென்னையில் படித்த அவர், 1949 இல் அரசாங்க வேலையாக ஆனந்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். அவர் திறமை பெரிது. ஆயினும் கிராமம் கிராமமாகச் சென்று சங்கங்களைக் கட்டியெழுப்பிய தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். படித்த நிருவாகியைத் தேடிப்பிடித்து, சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டதும் கமக்காரர்தாம். எமது சங்கங்கள் பல இந்த இடத்தில்தான் தவறிவிடுகின்றன. கணக்குத் தெரிந்தவருக்குச் சம்பளம் கொடுக்க மனம் வராது. பிறகு கணக்கே இல்லாமற் போகும்.

கிராமச் சங்கத்தில் நடைபெறும் வேலை மிகவும் எளிது. காலையும் மாலையும் ஆண்களும் பெண்களும் பாத்திரத்துடன் வரிசையில் நிற்கிறார்கள். சாதி பார்த்து முன்னே பின்னே விடுவதில்லை. வந்த ஒழுங்கில்தான் பால் அளக்கப்படும். ஒவ்வொருவர் பாலிலும் சிறிதளவு எடுத்து அதன் கொழுப்பைச் சோதிக்கிறார்கள். கொழுப்பின் அளவுக்கேற்ப விலை. காலையில் கொடுத்த பாலுக்கு மாலையில் காசு என்பதே தொடக்கத்திலிருந்து வந்த வழக்கம். தண்ணீர் கலந்தவருக்கு அன்று மாலையே தெரிந்துவிடும். நல்ல தீன் போட்டவருக்கும் தெரிந்துவிடும். ஒரு லீற்றர் கொண்டுவரும் விதவைப் பெண்ணுக்கும் இருபது லீற்றர் கொண்டுவருபவருக்கும் ஒரே சோதனை, ஒரே விலைப்பட்டியல். சங்கத் தேர்தலில் இருவருக்கும் ஒவ்வொரு வாக்கு.

மற்றொரு இடைஞ்சலும் வந்தது. குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். அவ்வளவு பாலையும் பம்பாய் எடுக்காது. எடுக்காத பாலைத் தரகரிடம் அடிமாட்டு விலைக்கு விற்றால் சங்கம் உடைந்துவிடும். மிஞ்சும் பாலை மாவாக்க வேண்டும். எருமைப் பாலை மாவாக்க முடியாது என்று அன்றைய மேல்நாட்டு நிபுணர் கூறினர், எச். எம். தலாயா என்ற பாற்பண்ணைத் தொழில்நுட்பவியலாளர் அதனைச் செய்து காட்டினார். யுனிசெப் இயந்திரங்களுக்கு உதவியது. 1955 ஒக்ரோபர் 31 இல் பிரதமர் நேரு தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். விளைச்சல் குறைந்த நாளில் எல்லாரும் எமது பொருளைத் தேடி வருவர். குவிந்து கிடக்கும் நாளிலும் எடுப்பவர்தாம் எமக்கு உண்மையான வாங்குநர். கம்பனி எதுவாயினும் முதலில் இதைக் கேட்க வேண்டும்.

இன்று குஜராத்தில் ஏறக்குறைய 36 இலட்சம் குடும்பங்கள் இந்த அமைப்பில் உள்ளன. நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் எண்பது பைசாவுக்கு மேல் பால் கொடுத்தவருக்குச் செல்வதாக அமுல் கூறுகிறது. குறைகளும் உண்டு. காணியே இல்லாதவருக்குப் புல்லும் வைக்கோலும் விலைக்கு வாங்க வேண்டியிருப்பதால் பயன் குறைவு. சங்கத் தலைமைக்குக் கட்சிக்காரர் போட்டியிடுவதும் அங்கும் நடக்கிறது. எமது கூட்டுறவுச் சங்கங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

மோகாவில் ஒரு கம்பனி

எல்லாத் தொழிலையும் கமக்காரரே சொந்தமாக நடத்த முடியாது. முதலும் அனுபவமும் வேண்டும். அப்படியானால் வெளிக்கம்பனி ஒன்று நியாயமாக நடக்க முடியுமா? முடியும் என்பதற்குப் பஞ்சாப் மாநிலத்தின் மோகாவைக் காட்டுவர். சுவிற்சர்லாந்தின் நெஸ்லே கம்பனி 1961 இல் அங்கு பால் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. அக்காலத்தில் மோகா வறிய பகுதி. கன்றுகளில் நூற்றுக்கு அறுபது வரை பிறந்த சிறிது காலத்தில் இறந்துபோயின. பாலைக் குளிராக வைத்திருக்க வழியில்லாததால் தூரத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை.

கம்பனி கிராமங்களில் குளிரூட்டிய சேகரிப்பு நிலையங்களை அமைத்தது. பாலெடுக்கும் லொறியுடன் மிருக வைத்தியரும் தீவன நிபுணரும் வந்தனர். கிணறு தோண்டக் கடனும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்தது. தொடக்கத்தில் பால் கொடுத்தவர்கள் 180 பேர். 2006 இல் மைக்கல் போட்டர், மார்க் கிராமர் ஆகியோர் எழுதிய கட்டுரை, அப்போது 75,000 கமக்காரர் பால் கொடுத்தனர் என்றும் கன்றுகளின் இறப்பு முக்கால் பங்கு குறைந்தது என்றும் கூறுகிறது.

இதனைக் கம்பனி தருமத்துக்காகச் செய்யவில்லை. நல்ல பால் தொடர்ந்து வேண்டுமானால் நல்ல மாடு வேண்டும். நல்ல மாட்டுக்குத் தீனும் தண்ணீரும் வைத்தியமும் வேண்டும். தன் தேவையும் கமக்காரரின் தேவையும் ஒரே இடத்தில் சந்தித்ததனால் கம்பனி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கு நிலைத்தது. தானமாக வரும் கம்பனி, கணக்கு முடிந்ததும் படத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். அவ்வாறு வந்துபோன திட்டங்களின் பெயர்ப்பலகைகள் எமது ஊர்களில் இன்னும் துருப்பிடித்து நிற்கின்றன.

ஆனால் அந்தக் கட்டுரை சொல்லாத ஒன்றும் உண்டு. ஆழக் கிணறுகள் பெருகிய பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போய்க்கொண்டிருக்கிறது. நெற்செய்கையும் இலவச மின்சாரமுமே அதற்குப் பெருங்காரணம். ஒரு பால் கம்பனியின் தலையில் அதைச் சுமத்த முடியாது. ஆயினும் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் வாழ்வோர் இதை மறக்கலாகாது. எமது நன்னீர் கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே வரும். அளவுக்கு மேல் உரமிட்டால் நைத்திரேற்று கிணற்றில் இறங்கும். கம்பனியின் பயிர் ஒரு போகத்துக்கு. கிணறு எமக்கு என்றென்றைக்கும் வேண்டும். எத்தனை இறைப்புத் தேவை, எவ்வளவு யூரியா தேவை என்பதைக் கையொப்பமிடுமுன் கேளுங்கள்.

விதை யாருடையது?

பெப்சிகோ கம்பனி தன் உருளைக்கிழங்குப் பொரியலுக்கென ஒரு தனி இனத்தை உருவாக்கி, ஒப்பந்தக் கமக்காரரைக் கொண்டு இந்தியாவில் பயிரிட்டது. அதே இனத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகக் கூறி, 2019 ஏப்ரல் மாதம் குஜராத்தில் நான்கு கமக்காரர்மீது வழக்குத் தொடர்ந்து, ஒவ்வொருவரிடமும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நட்டஈடு கேட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழவே அடுத்த மாதம் வழக்குகளை மீளப்பெற்றது. அவ்வினத்துக்கான பதிவை 2021 இல் அதற்குரிய அதிகாரசபை இரத்துச் செய்தது. 2024 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்றம் கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. யார் சரி என்பதைச் சட்டத்தரணிகள் வாதிடட்டும். எமக்கு வேண்டியது இவ்வளவே: கம்பனி தரும் விதையில் மிஞ்சியதை அடுத்த போகத்துக்கு வைக்கலாமா, அயலவருக்குக் கொடுக்கலாமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். விதை மாற்றிக்கொள்வது எமது பழைய வழக்கம். ஒப்பந்தத்தில் அது குற்றமாக இருக்கக்கூடும்.

ஒரு கணக்கு

எமது நாட்டில் கம்பனிகளுக்காகச் சிறு கமக்காரர் செய்யும் பயிர்களில் கேர்கின் என்ற ஊறுகாய் வெள்ளரி ஒன்று. பிஞ்சு சிறிதாக இருக்குமளவுக்கு விலை அதிகம். ஒரு நாள் பிந்தினால் பிஞ்சு பருத்து அடுத்த தரத்துக்கு இறங்கிவிடும். ஆகவே நாள்தோறும் ஆய வேண்டும். கோயில் திருவிழாவென்றும் செத்தவீடு என்றும் நிறுத்த முடியாது.

கீழே தருபவை கணக்கு விளங்குவதற்காக நாம் இட்ட இலக்கங்கள். எந்தக் கம்பனியின் விலையுமன்று. நான்கு பரப்பில் 1,000 கிலோ விளையும், கிலோ 100 ரூபா என்று சொல்லப்படுகிறது. ஓர் இலட்சம் ரூபா என்று வீட்டில் பேசிக்கொள்வோம். தரம் பிரித்தபின் முதலாந்தரம் 400 கிலோ, 100 ரூபாப்படி 40,000. இரண்டாந்தரம் 400 கிலோ, 60 ரூபாப்படி 24,000. மூன்றாந்தரம் 100 கிலோ, 20 ரூபாப்படி 2,000. மிகுதி 100 கிலோ தள்ளுபடி. மொத்தம் 66,000. இதில் கம்பனி தந்த விதை, உரம், மருந்துக் கடன் 35,000 கழிகிறது. இறைப்புக்கு எரிபொருள் 8,000. கையில் 23,000. கணவனும் மனைவியும் 45 நாள் பாடுபட்டிருந்தால் 90 ஆள்நாள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 255 ரூபா!

முழுவதும் முதலாந்தரமாகப் போயிருந்தால் அதே செலவுக்குக் கையில் 57,000 நின்றிருக்கும். கிலோ விலையில் ஒரு சதமும் குறையவில்லை; தரம் பிரித்த மேசையில்தான் 34,000 ரூபா போயிற்று. ஆகவே விலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழும்பாதீர்கள். தரம் பிரிப்பது எங்கே, எமது கண்முன்னா, தொழிற்சாலையிலா? தள்ளுபடி செய்த பொருள் திரும்ப எமக்குக் கிடைக்குமா? கிடைத்தால் சந்தையில் விற்கலாம், மாட்டுக்காவது போடலாம். தள்ளியதாகச் சொல்லிவிட்டு லொறியிலேயே கொண்டுபோவதை ஒருபோதும் ஏற்க வேண்டாம்.

தேயிலையில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இந்நாட்டின் தேயிலையில் பெரும்பங்கை இன்று தருவது பெருந்தோட்டங்களல்ல, சிறு தோட்டக்காரரே. அவர்கள் கொடுக்கும் கொழுந்துக்குத் தொழிற்சாலை நினைத்த விலை கொடுக்க முடியாது. கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையோடு அது ஒரு சூத்திரத்தால் கட்டப்பட்டிருக்கிறது. கொழுந்து கொடுத்தவருக்கு 68 பங்கு, தொழிற்சாலைக்கு 32 பங்கு என்பது நெடுநாளாக வழங்கிவந்த விகிதம். அதிலும் முறைப்பாடுகள் உண்டு. ஆயினும் முறையிடுவதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறதல்லவா? மரக்கறிக்கும் மிளகாய்க்கும் அப்படி ஒன்று எம்மிடம் இல்லை.

இடம்பெயர்ந்தவர் கேட்க வேண்டியவை

கம்பனிகள் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ கேட்பதுண்டு. எம்மில் பலரின் உறுதிகள் ஓடிய வழியில் தொலைந்தன. பலர் பயிர் செய்யும் காணி வேறொருவருடையது. தனி ஆளாகப் போனால் இதனாலேயே கதவு அடைபடும். பதிவு செய்யப்பட்ட கமக்காரர் அமைப்பு ஒன்றாகப் போய், குத்தகை எழுத்தையும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் காட்டினால் ஏற்றுக்கொள்ளும்படி கேட்கலாம். காணிச் சொந்தக்காரர் நடுப்போகத்தில் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதையும் அவருடன் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

கடன் பற்றிய நிபந்தனைதான் எமக்கு எல்லாவற்றிலும் பெரியது. வெள்ளம் வந்தால், பயிர் நோயால் அழிந்தால், மறுபடியும் ஊரைவிட்டு எழும்ப நேர்ந்தால் விதைக்கடன் யார் தலையில்? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்படுமுன் எத்தனையோ பேரின் விளைச்சல் குறைந்துபோயிற்று. கமக்காரரின் தவறு அதில் எதுவுமில்லை. அவரால் தடுக்க முடியாத அழிவு நேர்ந்தால் கடனில் இத்தனை பங்கு தள்ளப்படும், மிகுதி அடுத்த போகத்துக்குத் தள்ளிவைக்கப்படும் என்ற வசனம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். ஒரு பிரதி எமது கையில் இருக்க வேண்டும். பெண் தலைமை தாங்கும் குடும்பமானால் அவள் பெயரிலேயே எழுதப்பட்டு, காசும் அவள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். தோட்டத்தில் ஆய்ந்தவள் ஒருத்தி, பணத்துக்குக் கையொப்பமிடுபவர் அண்ணனோ மைத்துனரோ என்ற நிலை வேண்டாம்.

கம்பனியின் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். கம்பனியின் விதையில், கம்பனியின் உரத்தில் விளைந்ததை, சந்தை விலை கூடிய நாளில் வீதியில் வந்த வேறு லொறிக்கு விற்றுவிடுபவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த போகம் கம்பனி வராது. நேர்மையாகக் கொடுத்த அயலவருக்கும் சேர்த்துத் தண்டனை. நிலையான விலை ஒன்றை மட்டும் எழுதினால் இந்த ஆசை வரத்தான் செய்யும். குறைந்தபட்ச விலை ஒன்றையும், சந்தை விலை அதற்கு மேல் போனால் கூடியதில் ஒரு பங்கு கமக்காரருக்கு என்பதையும் சேர்த்து எழுதினால் இரு பகுதியாருக்கும் சுகம்.

கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியவை

அடுத்த குழுக்கூட்டத்துக்கு வரும்போது சென்ற போகத்தில் விற்ற பொருளுக்குக் கிடைத்த துண்டுகள், பற்றுச்சீட்டுகள் எவை இருந்தாலும் கொண்டுவாருங்கள். துண்டு இல்லாதவர்கள் நினைவிலிருந்து ஒரு கொப்பியில் எழுதிவரலாம். மேலே காட்டிய கணக்கை உங்கள் பயிருக்கு, உங்கள் விலையில் செய்து, ஓர் ஆள்நாளுக்கு எவ்வளவு நின்றது என்று பாருங்கள். வீட்டுப் பெண்களின் வேலைநாளை விட்டுவிடாதீர்கள்.

கடையில் அடைத்து விற்கும் ஒரு கிலோச் சீனிப் பைக்கற்று ஐந்தையும் யாராவது கொண்டுவரட்டும். சேகரிப்பு நிலையத் தராசில் அவற்றை வைத்துப் பார்க்கும்படி இருவர் போய்க் கேட்கலாம். தராசுக்காரர் மறுத்தால் அதையும் குழுவின் கொப்பியில் திகதியிட்டு எழுதுங்கள். பின்னர் இவற்றைப் பேசுங்கள்: எமது ஊரில் எந்தப் பொருளை ஒரு கிழமையாவது விற்காமல் வைத்திருக்க எம்மால் முடியும்? முடியாதவற்றை உலர்த்தவோ பதப்படுத்தவோ எத்தனை குடும்பங்கள் சேர வேண்டும்? கணக்கு எழுதச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்தால், குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு கொடுக்கச் சம்மதம்?